அத்தான் கழுத்தில் சூரியகாந்தி

அன்று ராமேஸ்வரத்தில் யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா இதைப் பலமுறை கேட்டு நான் பலமுறை ஒப்பித்ததால் வரிசை மாறாமல் வருகிறது. கடலாடியில் மாவு மில் வைத்திருக்கும் காளிமுத்துவாகிய நான். என் அக்கா வீட்டுக்காரர் பூமிநாதன், எனக்கு அத்தான். பாம்பனைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர் இன்னாசி. ராஜஸ்தானிலிருந்து வந்திருந்த கிர்தாரி என்ற தலைப்பாகைப் பெரியவர். அவர் வந்த யாத்திரைக் கூட்டத்தின் மேனேஜர். பிறகு ஒரு காளை மாடு. அக்கா கடலாடியில்தான் இருந்தாள். ஆனாலும் போன் வழியாக எங்கள் எல்லாரையும்விட அதிகமாக அங்கே இருந்தது அவள்தான்.

அத்தான் மாட்டுத் தரகர். சந்தைக்குள் அவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். விலையை மட்டும் வாயால் பேச மாட்டார். எதிராளியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலை அழுத்தியும் மடக்கியும் உதறியும் வியாபாரத்தை முடிப்பார். பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு ஆடுவதுதான் தெரியும்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் வந்த பக்கவாதம், கை காலைத் தொடாமல் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது, வாய்க்கு வருகிற வழிதான் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். மிஞ்சியது ஒரே வார்த்தை, 'சரி'. பசித்தால் 'சரி'. கோபம் வந்தால் 'சரி'. வேண்டவே வேண்டாம் என்பதற்கும் 'சரி'தான், கொஞ்சம் இழுத்துச் சொல்வார். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, நிமிர்ந்த நடை. அதுதான் பெரிய தொல்லை. தெரியாதவர்கள் கேள்வி கேட்டுப் பதில் வராமல் போனால், திமிர் பிடித்த மனுஷன் என்று போய்விடுவார்கள்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரத்தில் அவருடைய அய்யா இறந்துபோனார். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தான் அமாவாசைக்கு அமாவாசை காலண்டரில் விரலை வைப்பார், பிறகு ராமேஸ்வரம் இருக்கிற திசையில் கையை நீட்டுவார். தன் கையால் அய்யாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பயணம்.

அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. கூட்டிப்போக நான் ஒருவன்தான். நானோ மில்லைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவன். பார்த்துவிட்டு வரும் வழியில், கிளம்பும்போது வீட்டைப் பூட்டினோமா என்று கவலைப்படுகிறவன். அப்படிப்பட்டவனை நம்பி அக்கா அத்தானை அனுப்பியதற்கு ஒரே காரணம் அந்தப் பட்டை.

அக்கா மகள் தேன்மொழி வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்னால் அப்பாவையும் அம்மாவையும் அங்கே கூட்டிப்போயிருந்தாள். அந்த ஊர் விமான நிலையத்தில் அத்தான் கழுத்தில் ஒரு பச்சைப் பட்டையைப் போட்டுவிட்டார்களாம். பட்டை முழுக்க மஞ்சள் சூரியகாந்திப் பூ. காது, ஞாபகம், வலிப்பு, பேச்சு என்று வெளியே தெரியாத குறை எது இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டால் போதும். என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை, உதவி மட்டும் செய்வார்களாம்.

"ஒரு பொம்பளப் புள்ள வந்து, இவரு கண்ணப் பாத்து மெதுவாப் பேசுச்சுடா. இவரு சரிங்கிற வரைக்கும் நின்னுச்சு. பின்னால எம்புட்டு வரிசை! ஒருத்தன் முணுமுணுக்கலடா" என்பாள் அக்கா.

வரிசையில் முணுமுணுக்காத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதையே நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

பட்டையில் தொங்கிய அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். நமக்கே இப்படியென்றால் ராமேஸ்வரத்தில் யார் படிப்பார்கள் என்று பயந்து, கடலாடி ஜெராக்ஸ் கடையில் தமிழில் ஒரு அட்டை அடிக்கச் சொன்னேன். கடைக்காரப் பெண் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்த ஒன்றை எடுத்து அதிலேயே அடித்துத் தந்தாள். மேலே சிவப்புக் கொட்டை எழுத்தில் 'அடையாள அட்டை'. நடுவில் அத்தான் போட்டோ, மகள் கல்யாணத்துக்குக் கோட்டுப் போட்டு எடுத்தது. 'எனக்குப் பேச்சு வராது, நீங்கள் சொல்வது புரியும், பொறுமையாக உதவவும்' என்று நான் எழுதிக் கொடுத்தது அடியில் எறும்பு வரிசை மாதிரி ஓடியது. பின்பக்கம் என் போன் நம்பர்.

"எழுத்தப் பெருசாக்கும்மா" என்றேன்.

"போட்டோவச் சின்னதாக்கணும்ணே, பரவால்லயா?"

கோட்டுப் போட்ட அத்தானைச் சின்னதாக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லா வினையும் அங்கே ஆரம்பித்தது.

முதல் நாள் தேவிபட்டினம் போனோம். கடலுக்குள் இருக்கும் ஒன்பது நவக்கிரகக் கல்லையும் சுற்றிக் கும்பிட்டுவிட்டு ராமேஸ்வரம் போவதுதான் முறை என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர். அதற்குக் கரை உண்டு, மடை உண்டு, ஒரு முடிவு உண்டு. இங்கே நடைபாதையின் இரண்டு பக்கமும் கடல் சும்மா கிடப்பது போலக் கிடந்தது. எனக்கு அதன் அமைதியிலேயே நம்பிக்கையில்லை. அத்தானின் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன்.

வெளியே வந்ததும் நவதானியம் விற்கும் அம்மா ஒருத்தி அத்தானின் பட்டையைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சார், போன வாரம் வந்தவக கடையத் தள்ளிப் போடணும்னு சொல்லிட்டுப் போனாக. நாங்க இங்கனயே இருந்துக்கிறலாமா சார்?"

"சரி" என்றார் அத்தான்.

அவ்வளவுதான். அந்த அம்மா போட்ட சத்தத்தில் வரிசைக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, நாளைக்குள் வந்துவிடுமா என்றார் ஒருவர். சரி. விளக்குக் கம்பம் எரியவில்லை. சரி. என் மகனுக்கு ஒரு வேலை. சரி. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. அத்தானுக்கு ஒரே குஷி. ஒரு வருஷமாக அவர் சொல்லும் வார்த்தைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

நான் நடுவில் புகுந்து, "யம்மா, அவருக்குப் பேச்சு வராதும்மா. அட்டையில போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க" என்றேன்.

"தெரியும்யா. பெரிய ஆபீசருக எங்கய்யா பேசுவாக? கூட வாரவுகதான பேசுவாக" என்றாள் அவள். பிறகு குரலைத் தணித்து, "சாருக்கு ஞாபகப்படுத்திருங்க. கடைசிக் கடை" என்று என் கையில் ஒரு பொட்டலம் நவதானியத்தைத் திணித்தாள்.

அதிகாரி மாதிரி நடித்தால் எத்தனை வருஷம் உள்ளே போடுவார்கள், கூட வந்தவனுக்குத் தனிக் கேஸா, அத்தானை அரசாங்க ஆஸ்பத்திரியிலும் என்னை வேறு ஊர் ஜெயிலிலும் வைத்தால் அக்கா யாரை முதலில் பார்க்க வருவாள் என்றெல்லாம் யோசித்தபடி அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மத்தியானம் ராமநாதபுரத்தில் சாப்பாடு. மறுநாள் அமாவாசை என்பதால் விரதம், வெறும் சாம்பார். பக்கத்து இலையில் ஒருவர் நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சும் சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. அத்தான் அந்த இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரொம்ப இழுத்து, "ச...ரி" என்றார். அதன் அர்த்தத்தை நான் இங்கே எழுத முடியாது.

ராமேஸ்வரத்துக்கு ஏறியது தனியார் பஸ். கண்டக்டர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர், அத்தான் கழுத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினார். டிக்கெட் பணத்தை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆள் என்று முடிவு கட்டிவிட்டார். படியில் தொங்கியவர்களை உள்ளே தள்ளினார். டிரைவரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். அதன் பிறகு அந்த பஸ் போன வேகத்தில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்ப்பா, வண்டிக்கு என்ன காய்ச்சலா? பொணம் தூக்குறவன்கூட வெரசாப் போவான்" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார்.

கண்டக்டர் அத்தானைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, "ரூல்ஸ் படிதான் சார் எப்பவும் போவோம்" என்றார்.

"சரி" என்றார் அத்தான்.

பாம்பன் பாலத்தில் மற்ற நாட்களில் காற்று ஜன்னலைப் பிய்த்துவிடும். அன்று நாங்கள் போன போக்கில், கீழே நின்ற படகுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. நான் எண்ணவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அமாவாசை. விடிந்ததும் அத்தான் தானாகவே குளித்துத் தயாராகிவிட்டார். தட்சிணைக்கென்று நூற்றொரு ரூபாயை அவர் மடியில் நானே முடிந்துவிட்டேன். அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடமில்லை. புரோகிதர்கள் வரிசையாக உட்கார்ந்து, கோத்திரம் என்ன, அப்பா பெயர் என்ன, தாத்தா பெயர் என்ன, அவருக்கு அப்பா பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டே போனார்கள். இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? பஸ் கவிழ்வதிலிருந்து பாலம் உடைவது வரைக்கும் யோசித்தவன் இதை மட்டும் யோசிக்கவில்லை.

கடற்கரைக்கு ஏறும் படியில் அத்தானை உட்கார வைத்தேன். "இங்கனயே இருங்க அத்தான். நான் விசாரிச்சுட்டு வாரேன்."

"சரி."

முதலில் கேட்ட புரோகிதர், "பேரை மகன் வாயாலதான் சொல்லணும்" என்றார்.

"அவருக்குப் பேச்சு வராது சாமி. நான் சொல்றேன்."

"நீங்க யாரு?"

"மச்சினன்."

"மச்சினன் சொல்லக் கூடாது. பங்காளி யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

கடலாடியிலிருந்து பங்காளி வந்து சேர்வதற்குள் உச்சி தாண்டிவிடும். இரண்டாமவர் அதையே வேறு மாதிரி சொன்னார். மூன்றாமவர், "கொஞ்சம் பொறுங்கோ, இவங்களை முடிச்சுட்டு வழி பார்க்கிறேன்" என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

படியில் அத்தான் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் ஈரம் சொட்டச் சொட்ட, பெரிய மீசையும் சிவப்புத் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஒரு நொடி, அத்தான்தான் இப்படி மாறிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பயத்தில் இருப்பவனுக்கு அதுவும் நடக்கக் கூடியதாகத்தான் தெரியும்.

போலீஸ் பந்தலில் மைக் வைத்திருந்தவரிடம் ஓடினேன். அந்தப் பெரியவரும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். என்னை எதற்கு நம்பினார் என்று தெரியவில்லை.

"அடையாளம் சொல்லுங்க" என்றார் மைக்காரர்.

"கழுத்துல பச்சைப் பட்டை. மஞ்சப் பூ போட்டது. அட்டை தொங்கும்."

அவர் கடற்கரையைக் கையால் காட்டினார். காசி, ராமேஸ்வரம் என்று வடக்கேயிருந்து வரும் யாத்திரைக் கூட்டங்கள் கழுத்தில் பட்டையும் அட்டையும் இல்லாமல் வருவதில்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கரை முழுக்கப் பட்டை. அத்தானைத் தொலைத்துவிடக் கூடாது என்று நான் மாட்டிவிட்ட அடையாளத்தால் அந்த ஊரில் அவர் ஆயிரத்தில் ஒருவராகிவிட்டார்.

"வேற?"

"கூப்பிட்டா சரிம்பாரு."

பந்தலுக்குப் பக்கத்தில் ஆட்டோவில் சாய்ந்திருந்தவர் இதைக் கேட்டுவிட்டு வந்தார். அவர்தான் இன்னாசி. "அண்ணே, இந்தப் பெருசு கழுத்துல பட்டை இல்ல பாத்தியளா? கடல்ல முங்கும்போது அத்துக்கிட்டுப் போயிருக்கும். பட்டையப் பாத்துத்தான் கூட்டத்த ஓட்டிட்டுப் போவாக, இவருக்குப் பதிலா உங்க ஆளு அந்தக் கூட்டத்துல போயிருக்காரு. இவரு எங்க தங்கியிருக்காருன்னு தெரிஞ்சாப் போதும்."

"உங்களுக்கு இந்தி தெரியுமா?"

"கோயிலு, இருபத்திரண்டு கெணறு, தனுஷ்கோடி, நூத்தம்பது ரூவா. இம்புட்டும் தெரியும்."

பெரியவரிடம் பேசிப் பார்த்தார். பெரியவர் மார்பைத் தொட்டு "கிர்தாரி" என்றார். பிறகு மூச்சு விடாமல் ஏதோ சொன்னார். இன்னாசி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னிடம், "இது இந்தியே இல்லண்ணே. இந்தின்னா நான் பேசிருவேன்" என்றார்.

கிர்தாரி பொறுமை இழந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினார்.

"பால் கேக்குறாரு" என்றார் இன்னாசி. டீக்கடையில் பால் வாங்கிக் கொடுத்தோம். ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி கொம்பு வைத்தார். "அப்ப நந்தியப் பாக்கணும்ங்கிறாரு." கோபுர வாசலுக்குக் கொண்டுபோனோம். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா போன்.

"ஏலே, எள்ளு எறைச்சாச்சா? பொழுது ஏறுதே."

"இந்தா, ஆகிக்கிட்டு இருக்குக்கா."

"அவரு எங்க?"

"பக்கத்துலதான் இருக்காரு." அது பொய்யில்லை. ஓர் 'அவர்' பக்கத்தில் இருந்தார்.

"போனக் குடு. ஒரு சரி சொல்லச் சொல்லு, எனக்கு நிம்மதியா இருக்கும்."

போனைப் பொத்திக்கொண்டு கிர்தாரியிடம், "சரி... சரி... சொல்லுங்கய்யா" என்று வாயை அசைத்துக் காட்டினேன். அவர் ரொம்ப மரியாதையாகத் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, போனை வாங்கி, கணீரென்று "சரி" என்றார். இன்னாசி கட்டை விரலை உயர்த்தினார். நான் போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஏலே, யாருடா அது?" என்றாள் அக்கா.

"அத்தான்தான்..."

"ஒரு வருசமா அந்த ஒத்த வார்த்தையோட குடும்பம் நடத்துறேன்டா. பசிச் சரி எது, பொய்ச் சரி எதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஆள எங்கடா விட்ட?"

நான் போனை அணைத்துவிட்டேன். அப்படிச் செய்ததற்கு இன்றைக்கும் கொட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிப் பொழுதுக்கு முன் அத்தானைக் கண்டுபிடிக்காவிட்டால் இந்த அமாவாசையும் போயிற்று என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கிர்தாரிக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஆட்டோவுக்குள் உட்கார்ந்து அழ, இன்னாசி தலையைச் சொறிந்தார். கிர்தாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை கொம்பு வைத்தார். இந்த முறை இடது கொம்பை மட்டும் காதுப் பக்கம் மடக்கினார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் தட்டித் தட்டி ரொட்டி போட்டார். அதை எடுத்துக் கொம்புள்ள தலைக்கு ஊட்டினார்.

இன்னாசி ஆட்டோவை உதைத்துக் கிளப்பினார். "அட நம்ம ரொட்டிக் காளை! இத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா?"

விஷயம் இதுதான். வடக்கத்திக் கூட்டத்தார் சமையல்காரரையும் அடுப்பையும் கூடவே கொண்டு வருவார்கள். அவர்கள் தங்கும் சத்திரம் ஒன்றின் வாசலில், இடது கொம்பு மடிந்த ஒரு காளை மிச்ச ரொட்டிக்காகத் தினமும் வந்து படுக்கும். அதற்கு ஓனர் கிடையாது. வைக்கோல் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்றார் இன்னாசி. வந்து இறங்கியவுடன் மாட்டைக் கவனித்து வைத்திருக்கிறார் என்றால் கிர்தாரி என்ன தொழில் செய்பவர் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

காளை வாசலில் படுத்திருந்தது. அதைத் தாண்டி உள்ளே ஓடினேன். முற்றத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நடுவரிசையில், இடுப்பில் ஈர வேட்டியோடு, கழுத்தில் சூரியகாந்தியோடு, அத்தான் பூரியைப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து இலையைக் காட்டி, உட்கார் என்கிற மாதிரி, "சரி" என்றார்.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். மேனேஜர் ஓடி வந்தார். வருஷம் முழுக்க இங்கே கூட்டம் கொண்டுவருகிறவர், தமிழ் பேசினார்.

"என்ன சார் பிரச்சினை? முப்பத்தாறு டேக் குடுத்தேன். கரையில எண்ணினேன், முப்பத்தாறு டேக். இங்க எண்ணினேன், முப்பத்தாறு டேக். யாரும் தொலையலை."

"டேக்க எண்ணுனீக, மூஞ்சியப் பாத்தீகளா?" என்றார் இன்னாசி.

"மூணு நாள் முன்னாடிதான் சார் ரயில் ஏறினாங்க. மூஞ்சி மனப்பாடம் ஆக நாலு நாள் ஆகும்."

இதற்குள் கிர்தாரி உள்ளே வந்து இலை முன்னால் உட்காரப் போனார். மேனேஜர் தடுத்துவிட்டார். கணக்கு முப்பத்தேழு ஆகிறதே! டேக் இல்லாதவரை உட்கார வைத்தால் தெருவில் போகிற எல்லாரும் பந்திக்கு வந்துவிடுவார்கள் என்றார். கிர்தாரி போட்ட சத்தத்தில் வாசல் காளை எழுந்து நின்றது. சொந்த மேனேஜருக்கு எதிராக ஒரு மனுஷன் தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அவரால் முடியவில்லை.

அத்தான் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தார். கழுத்திலிருந்த பட்டையைக் கழற்றிக் கிர்தாரி கழுத்தில் போட்டார். மேனேஜர் பட்டையைப் பார்த்தார். "சரி, உட்காருங்க" என்றார். 'எனக்குப் பேச்சு வராது, நீங்கள் சொல்வது புரியும்' என்ற அட்டையை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு கிர்தாரி அந்தப் பந்தியில் எல்லாரையும்விட அதிகமாகப் பேசியபடி சாப்பிட்டார்.

நான் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவர் மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம்.

"எறைச்சாச்சா அத்தான்?"

"சரி."

மேனேஜரிடம் திரும்பினேன். "பேரு கேட்டிருப்பாகளே? இவரால சொல்ல முடியாதே."

"நாங்க கூட்டமா உட்கார வெச்சு ஒரே மந்திரம்தான் சார். எங்க ஆளுங்க முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்துல கத்தினா பண்டிட்ஜிக்கு எதுவும் கேட்காது. அவங்கவங்க அப்பா பேரை மனசுல நினைச்சுக்கோங்கன்னு சொல்லிடுவார்."

எனக்கு அடுத்த கவலை பிடித்தது. மனசுக்குள் மட்டும் அந்தப் பெயர் இருக்கிறதா? அதுவும் அடைத்துப் போயிருந்தால்? அத்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் கேட்காமலே புரிந்துவிட்டது. வலது கையை நீட்டி, சுண்டு விரலை மட்டும் உள்ளே மடக்கி, அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவருடைய அய்யாவுக்குச் சுண்டு விரல் அப்படித்தான் மடங்கியே இருக்கும். எந்தக் காலத்திலோ கன்றுக்குட்டி மிதித்தது. ஊரில் யாருக்கும் அந்த விரலைத் தெரியாமல் இருக்காது.

அக்காவுக்கு நானே போன் போட்டேன். அவள் திட்டி முடிக்கும்வரை காத்திருந்து, போனை அத்தானிடம் கொடுத்தேன்.

"சரி" என்றார்.

அந்தப் பக்கம், "முடிஞ்சிருச்சாய்யா? அய்யாவுக்கு முடிஞ்சிருச்சா?" என்று அக்கா அழுவது எனக்கே கேட்டது. அந்தச் சரியில் அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

சாப்பாடு முடிந்து இன்னாசியும் நானும் வெற்றிலை போடும்போது வாசலைப் பார்த்தால், கிர்தாரி அத்தானைக் கூட்டிக்கொண்டு காளையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அத்தான் வாலைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பிடித்துப் பார்த்தார், மடிந்த கொம்பைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். கிர்தாரி காளையின் திமிலைத் தட்டி, இதைப் பார் என்பது போல மீசையைத் தடவினார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அத்தான் தோளிலிருந்த துண்டு இரண்டு கைக்கும் மேலே விழுந்தது.

எனக்குப் புல்லரித்தது. ராஜஸ்தானிலும் மாட்டு விலை துண்டுக்கு அடியில்தான் போலிருக்கிறது. அவருக்குத் தமிழ் வராது, இவருக்கு எதுவும் வராது. துண்டு மட்டும் ஆடியது, குலுங்கியது, நின்றது. கிர்தாரி தலையை ஆட்டிக் கையை உருவினார், அத்தான் விடாமல் இழுத்துப் பிடித்தார். ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம் அது. சந்தையில் ஜெயிக்கப் போகும்போது வரும் முகம்.

"யாரு மாட்ட யாருக்குண்ணே விக்கிறாரு?" என்றார் இன்னாசி. காளை வாழை இலையைத் தின்றுகொண்டிருந்தது, அதற்கும் தெரியவில்லை.

துண்டு கீழே இறங்கியது. அத்தான் மடியை அவிழ்த்து நான் முடிந்துவிட்ட நூற்றொரு ரூபாயை முன்பணமாகக் கொடுத்தார். கிர்தாரி அதைக் கண்ணில் ஒற்றித் தலைப்பாகைக்குள் செருகினார். விற்றவர் கயிற்றைக் கை மாற்றிக் கொடுத்தால்தான் மாட்டு வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். அந்தக் காளைக்குக் கயிறு ஏது? கிர்தாரிக்கென்று மேனேஜர் அப்போதுதான் எழுதிக் கொண்டுவந்து கொடுத்த புது டேக்கை, பட்டையோடு, கயிற்றுக்குப் பதிலாகக் கிர்தாரி இரண்டு கையாலும் அத்தானிடம் நீட்டினார். அத்தான் குனிந்து வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சூரியகாந்தியைக் கிர்தாரி திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தமிழ் தெரியாமல் மதுரை, கன்னியாகுமரி என்று இன்னும் சுற்ற வேண்டியவர், அவருக்கும் அது தேவைதான்.

மறுநாள் இந்தி எழுதிய டேக்கோடு ஊருக்குத் திரும்பினோம். பஸ் கண்டக்டர் அத்தானிடம் தெரிந்த இந்தியில் சில்லறை கேட்டார். அத்தான் 'சரி' என்றதும், "பரவால்லயே, நம்ம பாஷையக் கத்துக்கிட்டாரே" என்று பாராட்டினார்.

வீட்டில் அக்கா கட்டிலில் காலை நீட்டியபடி பட்டையைப் பார்த்து, "இது என்னடா புதுக் கூத்து?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டார். தரகர் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தும், துண்டுக்கு அடியில் அவள் கை போனது அதுதான் முதல் முறை. முதலில் கூச்சத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, விரல் விரலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு" என்றாள். "ரெண்டு. ஏலே காளி, கணக்குச் சொல்றாருடா! இந்தக் கை ஒரு வருசமா சும்மாதான கெடந்துச்சு, நமக்குத் தோணலயே. நாப்பத்திரெண்டாயிரம்ங்கிறாரு. எதுக்குடா நாப்பத்திரெண்டாயிரம்?"

சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தாள், ஆனால் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்க மனசு வரவில்லை. இப்போது காலை மாத்திரை எத்தனை, காப்பிக்குச் சர்க்கரை எத்தனை, மார்க்கெட்டில் மீன் விலை எத்தனை என்று இரண்டு பேரும் துண்டைப் போட்டுத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

காளை ராமேஸ்வரத்திலேயே ரொட்டி தின்றுகொண்டிருக்கிறது என்று இன்னாசி போனில் சொன்னார். கிர்தாரி ஆள் அனுப்பிக் கேட்பாரோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. முன்பணம் நூற்றொன்று போக அத்தான் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.